மணம் மாமிக்கு, மாலுபணிஸ் எனக்கு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் எல்லோருடைய பேச்சும் மாமியின் ஒன்பது கிலோவைப் பற்றியே இருந்தது. வாப்பாவின் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் ஆசுபத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வந்தார். எங்களுடன் இருந்த அவருடைய ஒரே தங்கை, என் மாமி, தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றார். எல்லாம் பொருந்தியது. ஆனால் மாமிக்கு உடம்பு கூடுதல். மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தால்தான் ஒப்பரேஷன் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

உம்மா அந்த வேலையைக் கையில் எடுத்தார். கிளினிக்கில் தந்த தாளில் சாப்பாட்டுக்கு மணிக்கணக்குப் போட்டிருந்தது. உம்மா அதைப் பள்ளிவாசலில் தொழுகைக்குச் சொல்லும் வாங்குக்கு மாற்றிவிட்டார். மதியம் லுஹர் வாங்கு சொன்னால் ஒரு சிறங்கை சோறும் நிறையக் கீரையும். பின்னேரம் அஸருக்கு வெள்ளரிக்காய், இல்லாவிட்டால் அவித்த கௌபிப் பயறு ஒரு பிடி. பொழுதுபடுகிற மஃரிபுக்கு முன்னரே இரவுச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும், பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. ஊரெல்லாம் நோன்பு திறக்கிற நேரத்தில் என் தங்கச்சி நோன்பு பிடிக்கிறாள் என்று வாப்பா கேலி செய்வார். கேலி செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாமியோ நாக்குக்கு அடிமை. எங்கள் ஊர் ஓட்டமாவடியில் எந்தக் கடையில் எந்த நேரத்தில் ரோல்ஸ் சூடாக இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர் வெள்ளரிக்காயைக் கடிக்கும் சத்தம் கேட்டால் எனக்கே பாவமாக இருக்கும்.

அதனால்தான் வாப்பா என்னை ரகசியமாகக் கூப்பிட்டபோது, இந்த வீட்டில் இரக்கமுள்ளவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்தேன். உம்மா அஸர் தொழுதுகொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பாணும் பணிஸும் விற்கிற ஓட்டோ பாட்டோடு எங்கள் ஒழுங்கைக்குள் வரும். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த வாப்பா, மீன்கறி வைத்துச் சுட்ட மாலுபணிஸ் இரண்டு வாங்கி என் கையில் தந்தார்.

"மாமிக்கிட்டக் குடு. உம்மாக்குச் சொல்லாதகா."

"உம்மா ஏசுவா வாப்பா."

"தெரிஞ்சாத்தானே ஏசுவா. அவள் சின்னதிலேயே பசி பொறுக்கமாட்டாள்."

மாமி கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தார். யார் தந்தது என்று கேட்டார், சொன்னேன். கையிலிருந்த உடுப்பை வாளியில் போட்டுவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். பிறகு ஒரு பணிஸைப் பிய்த்து மூக்கருகில் வைத்து, கண்ணை மூடி, நீளமாக மணந்தார்.

"மணம் எனக்கு, பணிஸ் உனக்கு. இஞ்சயே வெச்சுத் திண்டுட்டுப் போ."

"வாப்பா கேட்டா?"

"மாமி ஆசையாத் திண்டா எண்டு சொல்லு."

என் வாயைத் தன் முக்காட்டுத் துணியால் துடைத்து அனுப்பினார். பொய் சொல்வது பாவம் என்று மதரஸாவில் படித்திருந்தேன். ஆனால் பணிஸ் சூடாக இருந்தது.

இப்படியே மூன்று மாதம். "திண்டாளா?" என்று வாப்பா கேட்பார். "ஓம்" என்பேன். நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்துகொள்வார். மாமி எப்போதும் தொளதொளத்த கவுனில் இருந்ததால் குறைகிறதா கூடுகிறதா என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. என் பள்ளிக்கூடச் சட்டைக்குத்தான் உம்மா இரண்டு தரம் தையல் பிரித்துவிட்டார். வளர்கிற பிள்ளை என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு.

கிளினிக் நாளன்று உம்மாவும் மாமியும் விடியவே பஸ் ஏறினார்கள். திரும்பும்போது உம்மா ஒழுங்கை முனையிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்.

"பத்துக் கிலோ குறைஞ்சிரிக்கு! டொக்டரே நம்பல்ல. அல்ஹம்துலில்லாஹ்!"

வாப்பா சிரிக்கவில்லை. மாமியைப் பார்த்தார். மாமி தலையைக் குனிந்தபடி உம்மாவின் பின்னால் உள்ளே போய்விட்டார். பிறகு வாப்பாவின் பார்வை என் மேல் விழுந்தது. என் கன்னங்களையும் பொத்தான் இறுகிய சட்டையையும் முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"அவ்வளவு பணிஸும் ஆர் திண்ட?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமிதான் தந்தா வாப்பா. அவ மணந்து மட்டுந்தான் பாத்தவ."

அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "அவளுக்கு இனித்தானே வாழ்க்கை. வேணாமெண்டு எத்தின தரம் சொன்னன்" என்று முணுமுணுத்தார். அவருடைய கண்ணீர் என் தலையில் விழுந்தது.

அடுத்த மாதம் ஒப்பரேஷன் நடந்தது. இருவரும் நலமாக இருக்கிறார்கள், அந்தப் பணிஸ்களைப் பற்றி இன்றுவரை ஒருவரோடொருவர் பேசியதில்லை. தங்கையின் உடம்பில் கத்தி படக்கூடாது என்று, நாளுக்கு இரண்டு பணிஸ் விலையில் அந்த மனிதர் தன் சாவை வாங்கிக்கொண்டிருந்தார். மாமி அதை முதல் நாளே தெரிந்துகொண்டார். நடுவில் ஓடித்திரிந்த எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அன்று, மாமி தின்னாமல் வீணாய்ப்போன பணிஸ்களுக்காகத்தான் வாப்பா அழுகிறார் என்று நினைத்து, அவர் கண்ணைத் துடைத்துவிட்டு நான் சொன்னேன்:

"அழாதீங்க வாப்பா. நாளைக்கு வாங்கித் தாங்க, மாமியத் திண்ண வெச்சிட்டுத்தான் வருவன்."