வேம்பில் ஒரு தழும்பு

அச்சங்குளம் பக்கம் பட்டாசு ஆலை வெடித்த மறுநாள், காப்பீட்டுக்காகச் சேதத்தை அளக்கப் போயிருந்தேன். இறந்த தொழிலாளி ஒருவருக்கு முகமே மிஞ்சவில்லை. முகம் பார்க்காமல் உடலை எடுக்க விடமாட்டேன் என்று அவர் மனைவி மறித்தார். அதனால் ஓர் ஆசாரி போட்டோவைப் பார்த்து வேப்பங்கட்டையில் முகம் செதுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் தன் முகத்தைத் தடவிப் பார்ப்பார்.

"போன சீசன்ல கன்னம் வெந்த தழும்ப விட்டுட்டீகளே," என்றார் மனைவி.

"அது வேணாம் ஆசாரி. அப்ப வெடிச்சத நாம வெளிய சொல்லலேல்ல," என்றார் ஆலை போர்மேன், குரலைத் தாழ்த்தி.

"ஏலே, தள்ளி நில்லு," என்றார் ஆசாரி போர்மேனிடம்.

உளியை மரக்கன்னத்தில் வைத்து ஓங்கி அடித்தார். சிராய் தெறித்துப் போர்மேனின் நெற்றி கிழிந்தது.

"இப்பத்தான் எங்க வீட்டுக்காரரு," என்று அந்த முகத்தை மனைவி வாரி அணைத்தார்.

ஆசாரி ரத்தத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த அடி யாருக்கு ஓங்கியது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.