உறைபனியில் கிடந்த ஆரஞ்சுத் தட்டு

கஜானி தடத்தில் பேருந்து ஓட்டும் ரைலியைத் தட்டு வீச வைத்தது ஒரு தட்டுதான். எட்டு வருடம் முன்பு கடைசி இருக்கையில் யாரோ மறந்து விட்டுப்போன ஆரஞ்சுத் தட்டு. பந்துக்குப் பதிலாக, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் வீசி ஆடும் தட்டு கோல்ஃபின் பிளாஸ்டிக் தட்டு. அதன் முதுகில் எழுதியிருந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"நான் தெக்க குடிபோயிட்டேங்க்கா. நீங்களே வெச்சுக்கங்க," என்றது ஒரு பெண்குரல். "ஆனா சும்மா வெச்சுக்கக் கூடாது. வீசணும்."

அன்று மாலையே டிப்போவிலிருந்து நேராக மைதானத்துக்குப் போய் வீசினாள். முதல் வீச்சு ஒரு பிர்ச் மரத்தில் பட்டது. இரண்டாவதும் அதே மரத்தில். மூன்றாவது கூடைச் சங்கிலியில் கலகலவென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு வீட்டில் உட்கார முடியுமா?

ஏரிக்கரை மைதானம் கோல்ஃப்காரர்களுடையது. அக்டோபர் பிறந்த பிறகுதான் தட்டுக்காரர்கள் கூடைகளை நடலாம். நவம்பரில் பனி மூடிவிடும். இடைப்பட்ட நாட்களில் விரல் விறைக்க விறைக்க வீசுவதுதான் ரைலியின் ஆட்டக்காலம். அதனால் இந்த வருடம் கோல்ஃப் சங்கத் தலைவர் ஒஸ்மோவிடம் நேராகவே கேட்டாள்: "பருவம் முடியற அன்னிக்கு நீங்க பந்து, நான் தட்டு. நான் ஜெயிச்சா அடுத்த வருஷம் ரெண்டு வாரம் முன்னாடியே கூடை."

"நான் ஜெயிச்சா?"

"ஒரு வருஷத்துக்கு உங்களப் பாக்கும்போதெல்லாம் ஹாரன் அடிக்க மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். ஊர்ப் பாலத்தில் தூங்கி வழியும் அவர் காரை அவள் ஹாரன் எழுப்பாத வாரமே இல்லை.

ஆட்ட நாளன்று விடியலில் மைதானமே வெள்ளையாகக் கிடந்தது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன்; உறைபனி பிடித்த கிரீனை மிதித்தால் அங்கே புல் செத்துப்போகும். வசந்தம் வரை கறுப்புக் கால்தடம் நிற்கும். அதனால் அங்கே யாரும் கால் வைப்பதில்லை. பந்துக்காகக் கிரீனுக்கு வெளியே, பக்கத்திலேயே தற்காலிகக் குழி வெட்டியிருந்தார்கள். அதையொட்டிக் கூடை. தட்டு கிரீனில் விழுந்தால் ஒரு வீச்சு தண்டம், ஓரத்திலிருந்து மறுபடி வீச வேண்டும்.

கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். ரைலியின் முதல் வீச்சு அம்பு மாதிரி போனது. இரண்டாவதுக்கும் பையிலிருந்து தூரம் போகும் தட்டைத்தான் எடுத்திருக்க வேண்டும். கை தானாக ஆரஞ்சை எடுத்தது. கூடைக்கு அருகே நின்று போடுவதற்கென்று அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். ஏரிக்காற்று அதைத் தூக்கிக் கூடையைத் தாண்டிக் கொண்டுபோய், வெள்ளைக் கிரீனின் நட்டநடுவில் போட்டது.

"அடிப் பாவி!" என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

ஒஸ்மோவின் பந்து விறைத்த தரையில் எகிறி எகிறி, மூன்றாவது அடியில் குழிக்கு இரண்டு எட்டில் வந்து நின்றது. தண்டத்தைச் சேர்த்தால் இன்னும் இருவரும் சமம்தான். ஆனால் அவருக்குக் கைக்கெட்டும் தூரம், அவள் பையில் மிச்சமிருந்ததோ தூரம் போவதற்கென்று செய்த கூர்விளிம்புத் தட்டுகள்.

ஒஸ்மோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "போயி எடுத்துக்கோ டிரைவரம்மா. நான் ஏரியப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

"நீங்க ஏரியப் பாப்பீங்க தலைவரே. வசந்தத்துல அந்தக் கறுப்புத் தடத்தோட என் பூட்ஸ் அளவ சங்கக் கூட்டத்துல வெச்சுப் பாப்பீங்க."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒஸ்மோவின் காதுமடல் சிவந்தது, குளிர் மட்டும் காரணமில்லை.

தூரத்தில் இருப்பவர்தான் முதலில் ஆட வேண்டும். ரைலி கிரீன் ஓரத்தில் நின்றாள். கூர்விளிம்புத் தட்டை மெதுவாக வீசினால் இடப்பக்கம் சரிந்து விழும். அப்படியானால் சரியட்டும்! கூடைக்கு வலப்பக்கம், ஒன்றுமில்லாத வெற்றிடத்தைக் குறிவைத்தாள். தட்டு தப்பான திசையில் கிளம்பியது. யாரோ "ச்சே" என்றார்கள். அது காற்றில் மெல்லத் திரும்பி, தள்ளாடி, சங்கிலியின் விளிம்பில் மோதி ஒரு கணம் தொங்கிவிட்டுக் கூடைக்குள் விழுந்தது.

"விழுந்துருச்சு! ஏய், விழுந்துருச்சு!" அவள் கத்தியதில் ஏரியின் வாத்துகள் எழும்பிப் பறந்தன.

இனி ஒஸ்மோ குழியில் போட்டால் சமம், தப்பினால் போச்சு. குனிந்தார், தட்டினார். பந்து நேராகத்தான் உருண்டது. ஆனால் உருள உருள உறைபனியை அப்பிக்கொண்டு, மாவில் புரட்டிய கொழுக்கட்டை மாதிரிப் பருத்து, குழியின் உதட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒஸ்மோ அதை வெகுநேரம் பார்த்தார். "என் புல்லே எனக்குத் துரோகம் பண்ணிருச்சு."

கிரீனில் வெயில் ஏறும் வரை ஆரஞ்சுத் தட்டு அங்கேயே கிடந்தது. ஓரத்தில் நெருப்பு மூட்டி, கடுகுச் சாந்து தொட்டுத் தொத்திறைச்சி தின்றபடி எல்லோரும் காத்திருந்தார்கள். உறைபனியின் வெள்ளை விளிம்பு அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது.

"ரெண்டு வாரம் ஜாஸ்தி. பத்து நாள் வெச்சுக்கலாம்," என்றார் ஒஸ்மோ.

"பத்து நாள்னா பத்து நாள். மிச்ச நாலு நாளைக்குப் பாலத்துல ஹாரன்."

ஒஸ்மோ எழுந்தார். குனிந்து கிரீனைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஈரமாக வந்தது. மெதுவாக நடந்துபோய்த் தட்டை எடுத்துவந்து, தன் மேல்கோட்டில் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

"செப்டம்பர் பதினேழு. கூடைய நீயே நட்டுக்கோ. எனக்கு முதுகு வலி."