வெறுங்கட்டை

பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். நான் பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். நீங்கள் நம்பாவிட்டாலும் போகிறது, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். என் மனைவி எஸ்தருக்கு விஷக்காய்ச்சல் மூளைக்கு ஏறி, விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் தாயில்பட்டி மாரியம்மா. தீப்பெட்டி ஆபீஸில் தீக்காயம் பட்டு, புண் சீழ் பிடித்து, அவளுக்கும் புத்தி தடுமாறிவிட்டது. கண் மூடியே இருக்கும், விரல்கள் மட்டும் போர்வையில் குச்சி அடுக்கிக்கொண்டே இருக்கும். மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளை வரிசையாகச் சொருகும் மரச்சட்டத்தைக் கட்டை என்பார்கள். அது நிறைந்துவிட்ட மாதிரி உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவாள். உடனே தங்கை செல்லி ஓடிவந்து, இல்லாத கட்டையை எடுத்துவிட்டு இல்லாத வெறுங்கட்டை ஒன்றை வைப்பாள்.

"எதுக்கும்மா இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"வெறுங்கட்டை வைக்காட்டா வேல முடிஞ்சிருச்சுன்னு எந்திரிச்சுப் போயிருவா சார்."

ஒரு மத்தியானம் செல்லி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். மாரியம்மா தட்டினாள். மறுபடி தட்டினாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் காற்றைத் தூக்கி வைக்க வெட்கம். கொஞ்ச நேரத்தில் அவள் கை ஓய்ந்தது. செல்லி வந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

அவளை வெளியே எடுத்துப்போன சற்று நேரத்தில் எஸ்தரின் விரல்கள் அசைந்தன. என் மனைவி பாளையங்கோட்டைக்காரி, அடுப்புப் பற்றவைக்கத் தவிர தீக்குச்சியைத் தொட்டதில்லை. அதே சொருகல், அதே இரண்டு தட்டு. காய்ச்சல் முற்றினால் போர்வையைப் பிறாண்டுவார்கள் என்றார் டாக்டர். பிறாண்டட்டும், தட்டுவானேன்?

பாயைச் சுருட்ட வந்த செல்லி அழுகையை நிறுத்திவிட்டுக் கத்தினாள். "பாத்துக்கிட்டே நிக்கீகளே சார், கட்டை நெறஞ்சிருச்சு, எடுங்க!"

வெட்கமாவது மண்ணாவது, எடுத்தேன். வெறுங்கட்டை வைத்தேன். வெளியே அக்காவின் உடல் வண்டிக்காகக் காத்துக் கிடக்க, செல்லி என்னோடு நின்று கை வைக்கும் விதம் சொல்லித்தந்துவிட்டுத்தான் போனாள். அப்புறம் விடியும்வரை நான் ஒருவனாக மாற்றி மாற்றி வைத்தேன். காலையில் எஸ்தர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். ஓவென்று அழுதுவிட்டேன்.

இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. சந்தோஷத்தில், கடைசியாக வைத்த வெறுங்கட்டையை நான் எடுக்கவே இல்லை. எஸ்தரை வேறு வார்டுக்கு மாற்றிய கையோடு அதே கட்டிலில் இன்னொரு பெண்ணைக் கிடத்தினார்கள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் விரல்கள் போர்வையில் எதையோ தேடிக்கொண்டிருந்தன.