மேலே ஏழு பேர்... கீழே ஆர்?

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் ஒரு குண்டுவீச்சு விமானத்துக்காக மனதார வேண்டிக்கொண்டேன். அது பத்திரமாகத் திரும்பிவிட வேண்டும் என்று!

யாழ்ப்பாணத்தான் ஒருவன் இப்படி வேண்டலாமா? கோபப்படாதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

ரொறன்ரோவின் வோபர்னில் நாங்கள் இருப்பது பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே உள்ள தட்டில். மேலே வீட்டுக்காரர் மிஸ்டர் வோல்டர். எழுபது வயதைத் தாண்டியவர். மனைவி போனபின் தனி ஆள். எங்கள் பாதையில் கிடக்கும் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற மனிதர். அன்று சட்டையில், யுத்தத்தில் செத்தவர்களை நினைத்துக் குத்துகிற சிவப்புப் பொப்பிப் பூவோடு படியிறங்கி வந்தார்.

"இரண்டு மணிக்கு ரீவியில் ஒரு டொக்கியுமென்றரி. நான் பறந்த மாதிரி விமானம். நீங்கள் இரண்டு பேரும் மேலே வரவேண்டும்."

வீட்டுக்காரர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? என் மனைவி வசந்தி ஒரு தட்டு றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டாள்.

வசந்தி ஊரிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான். நான் எண்பதுகளின் தொடக்கத்திலேயே வந்தவன். அதனால் பொம்மர் என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தக் குண்டு போடும் விமானத்தை நான் கண்ணால் கண்டதில்லை. அவள் கண்டவள். அவளுடைய அக்கா செத்ததே பொம்மர் அடித்துத்தான்.

இது எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. அதுதான் வெட்கம்.

படம் இரண்டாம் உலக யுத்த காலத்திலேயே எடுத்தது. கறுப்பு வெள்ளை. ஏழு பொடியன்கள் ஒரு விமானத்தில் ஏறுகிறார்கள். ஒருவன் பகிடி விடுகிறான். ஒருவன் காதலியின் படத்துக்கு முத்தம் கொடுக்கிறான். கடலைத் தாண்டியதும் பிளாஸ்கில் இருந்து கோப்பி ஊற்றிக் குடிக்கிறார்கள், சொக்லேற் சாப்பிடுகிறார்கள்...

"இவை சாப்பிடினமே?" வசந்தி என் காதுக்குள் கேட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

நான் கவனிக்கவில்லை. மிஸ்டர் வோல்டர் ரீவியைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "மூக்குப் பக்கம் குப்புறப் படுத்திருக்கிறானே... அதுதான் என் இடம். குறி பார்த்து பட்டனை அமத்துவது நான்."

திரையில் அந்தப் பொடியன், "இடது... இடது... அப்படியே..." என்றான். அமத்தினான். கீழே சின்னச் சின்ன வெளிச்சங்கள் பூத்தன. கார்த்திகை விளக்கு வைத்தமாதிரி. வடிவாகவே இருந்தது!

திரும்பும்போது ஓர் எஞ்சினில் நெருப்பு. ஏழு பேரும் தப்புவார்களா? நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். கடைசியில் சக்கரம் தரையைத் தொட்டபோது, "அப்பாடா!" என்று கையையும் தட்டிவிட்டேன்.

வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் செய்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கமெரா எங்கே குந்தியிருக்கிறதோ, மனசும் அங்கேயே போய்க் குந்திவிடுகிறது. ஒரு மணி நேரம் நானும் பொம்மருக்குள்தான் இருந்திருக்கிறேன்.

"கீழ ஆர் இருந்தவை எண்டு அந்த மனுசனைக் கேளுங்கோ," என்றாள் வசந்தி.

அவர் வீட்டில் குடியிருந்துகொண்டு அவரிடமே இதைக் கேட்பதா? "மேலே நல்ல குளிரோ என்று கேட்கிறாள்," என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன்.

"அதை ஏன் கேட்கிறாய்! கை விறைத்துவிடும்..." அவர் உற்சாகமாகத் தொடங்கினார்.

ரொறன்ரோவுக்கு வருகிறவர்கள் முதலில் படிக்கிற ஆங்கிலச் சொல் எது? குளிருக்கான சொல்தானே! என் கள்ளத்தனத்தை வசந்தி உடனே பிடித்துவிட்டாள். எழுந்தாள். ரீவிக்குப் பக்கத்தில் போய் விரலைக் கீழே காட்டினாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் கேட்டாள்: கீழே... யார்?

மிஸ்டர் வோல்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரயில் பாதை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்," என்றார். பிறகு, "ஊர்தான்," என்றார். ரீவியை நிறுத்தினார். நாங்கள் இறங்கி வந்துவிட்டோம். றோல்ஸ் தட்டு அங்கேயே.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மேலே நடமாட்டச் சத்தமே குறைவு. வீடு மாற வேண்டி வரும் என்றே நினைத்தேன். புதன்கிழமை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், கதவில் தட்டுச் சத்தம். அவர்தான்.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். "உன் மனைவி கேட்டதை ஐம்பது வருஷமாக என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியாது. எஞ்சின் இரைச்சலில் குண்டு வெடிக்கிற சத்தம்கூட எங்களுக்குக் கேட்காது. கீழே எப்படி இருக்கும்? உன் மனைவிக்குத் தெரியுமா?"

இந்த முறை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். வசந்தி அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

"நாங்கள் எல்லாரும் வளவில வெட்டின பங்கருக்குள்ள. அக்கான்ர பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. பொம்மர் ரெண்டு குண்டு போட்டிட்டுப் போயிட்டுது. சத்தம் தேஞ்சு தேஞ்சு இல்லாமப் போச்சு. அக்கா பால்மா எடுக்க வீட்டுக்குள்ள போகட்டோ எண்டு கேட்டவ. நான்தான்... 'அது போயிட்டுது அக்கா, நீ ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா' எண்டனான். அது திரும்பி வந்தது."

மொழிபெயர்த்துக்கொண்டு வந்தவன் அதோடு நின்றுவிட்டேன். அக்கா வீட்டோடு போனது எனக்குத் தெரியும். கடிதத்தில் படித்தேன். போகச் சொன்னது வசந்தி என்று யார் எழுதினார்கள்?

"ஏன் நிண்டிட்டீங்கள்? சொல்லுங்கோ," என்றாள்.

சொன்னேன். மிஸ்டர் வோல்டர் தலையைக் குனிந்தபடி கேட்டார். பிறகு நிமிர்ந்து, என்னை விட்டுவிட்டு, நேரே அவளைப் பார்த்து, விரலால் வட்டம் போட்டுக் காட்டி, மெதுவாகப் பேசினார்.

"குறி சரியாக அகப்படாவிட்டால் நாங்களும் தூரப் போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வருவோம். நானே திரும்பச் சொல்லியிருக்கிறேன். கீழே இருக்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை, மகளே. அது உன் பிழை இல்லை. மேலே இருந்தவனின் வேலை."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. வசந்தி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் அழுது நான் கண்டதில்லை.

அவளுக்கு ஆறுதல் சொல்ல உறவினர்கள் இருந்தார்கள், நான் இருந்தேன். கடைசியில் அந்த வார்த்தை ஒரு பொம்மர்காரனிடமிருந்தா வரவேண்டும்? எனக்கு இன்னமும் அதிர்ச்சி தெளியவில்லை.

அவர் போனபின் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "இதை ஏனப்பா எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லையே."

ஊர்ச் செய்தி ஒன்று விடாமல் விசாரித்து வாராவாரம் இந்தப் பத்தியில் எழுதுகிறவன் நான்!