மொட்டைமாடித் தகர அறையும் அன்டெனா அனுமதியும்

பிற்பகல் இரண்டு மணிக்கு வெள்ளவத்தையில் எல்லாச் சத்தமும் ஒரு படி இறங்கும். காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ்கள்கூடக் கொட்டாவி விட்டுக்கொண்டு போவதுபோல இருக்கும். அந்த நேரத்தில் நான் எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியில், தகரமும் பலகையும் கொண்டு நானே அடித்த அறைக்குள் படுத்திருப்பேன். யன்னலுக்கு நேரே கடல். கரையோர ரயில் வந்தால் கட்டில் மெல்ல நடுங்கும். அரைத் தூக்கத்தில் ரயில்தான் நிற்கிறது, நான்தான் மாத்தறைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும்.

கட்டடம் அப்பா விட்டுப் போனது. கீழே போட்டோக்கொப்பிக் கடை, அதற்கு மேல் பல் வைத்தியர், அதற்கும் மேல் நானும் மனைவியும். இதெல்லாம் மாநகர சபை ஒப்புக்கொண்ட வரைபடத்தில் இருக்கிறது. அறை மட்டும் இல்லை. யாரிடமும் கேட்காமல் ஒரு நீண்ட விடுமுறைக்குள் அடித்து முடித்தது. ஐம்பது தாண்டிய மனிதனுக்குச் சட்டவிரோதமாக ஒன்றாவது வேண்டாமா?

போன வருடம் ஒரு தொலைபேசிக் கம்பெனி எங்கள் மாடியில் அன்டெனா பூட்டக் கேட்டது. அவர்களுடைய என்ஜினியர் மிக மரியாதையானவர். மாடியை அளந்தார், படம் கீறினார், ஒரு கட்டுத் தாளை நீட்டினார். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு தாளையும் ஒரு நீதிபதியைப்போல் முறைத்துப் பார்த்துவிட்டு, எதையும் வாசிக்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்தேன்.

விண்ணப்பம் சபையின் திட்டமிடல் பிரிவுக்குப் போனது. அங்கே ஒரு சிக்கல். எங்கள் ஒழுங்கையின் முன்பாதி வணிக வலயம், பின்பாதி குடியிருப்பு வலயம். இரண்டையும் பிரிக்கும் கோடு சரியாக எங்கள் மொட்டைமாடிக்கு மேலால் போகிறதாம். இத்தனை வருடமும் என் தலை குடியிருப்பில் தூங்க, கால் வியாபாரத்துக்குள் நீட்டிக் கிடந்திருக்கிறது. ஆகவே அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை வந்து மாடியைப் பார்வையிடுவார் என்று கடிதம் வந்தது.

கடிதத்தைப் பெருமையாகப் பக்கத்து ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அன்டெனாவுக்காக நான் வாங்கிய அயலவர் சம்மதக் கடிதத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவர் வாசித்துவிட்டு ஆணிப் பெட்டியை மூடினார்.

"அண்ணன், அன்டெனாவப் பாக்க வாரவருக்குக் கண் ஒண்டுதானா? மேல ஈக்கிற ஒங்கட மாளிகையப் பாக்க மாட்டாரா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருடன் பொலிசுக்கு டெலிபோன் எடுத்து, வீட்டு விலாசமும் சொல்லி, தேத்தண்ணி குடிக்க வரச் சொன்ன மாதிரி இருந்தது நான் செய்த வேலை. அன்று பிற்பகல் படுத்தபோது ஒரு மெலிந்த மனிதர் அளவு நாடாவோடு கனவுக்குள் வந்தார். கட்டிலை அளந்தார். யன்னலை அளந்தார். பிறகு கடலையும் அளந்து, இதற்கும் அனுமதி இல்லையே என்று வருத்தப்பட்டார்.

புதன்கிழமை காலை நானே அறையைப் பிரித்தேன். தச்சுவேலை பாஸ் ஒருவரைக் கூப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். ஒவ்வொரு தகரமும் கழன்றபோது உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக வானம் வந்து உட்கார்ந்தது. கடைசிப் பலகை விழுந்ததும் நான் ஒரு பெரிய வெளிச்சத்துக்கு நடுவில் கையில் சுத்தியலோடு நின்றேன். கட்டிலைக் கீழே வீட்டுக்குள் இறக்கி, தகரங்களை அதற்கு அடியில் ஒளித்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். இவ்வளவு வேகமாக நான் வேலை செய்து கண்டதில்லை என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை வந்தவர் மெலிந்தவரல்ல. குடையும் பைலுமாக மூச்சு வாங்கி மேலே ஏறிய, சாந்தமான மனிதர். படத்தை விரித்தார். மாடியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கோ, காமரே?" என்றார்.

அறை எங்கே என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் திரட்டி, இங்கே எந்தக் காலத்திலும் அறை என்று ஒன்று இருந்ததில்லை என்று சாதித்தேன். அவர் தரையைப் பார்த்தார். பாசி படிந்த சீமெந்தில், கட்டிலும் நானும் கிடந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெள்ளையாகத் தெரிந்தது.

அவர் படத்தை என் பக்கம் திருப்பினார். அதில் என் அறை இருந்தது. மரியாதையான என்ஜினியர் அதை அழகாகக் கீறி, 'இருக்கும் அறை, இயந்திரங்கள் வைப்பதற்கு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே என் கையெழுத்து, வாலோடு.

அதிகாரி எனக்காகத் தமிழுக்கு இறங்கி வந்தார். "அய்யா, நீங்க ஏன் ஒடச்சது?"

"உங்களுக்குப் பயந்துதான்."

அவர் சிரிக்கவில்லை. வெள்ளை நீள்சதுரத்துக்குள் போய் நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு தகர அறையென்றால் எப்படியும் சபையே எடுக்கச் சொல்லியிருக்கும் என்றும், இயந்திரம் வைக்கக் கல்லால் கட்டினால் சேர்த்தே அனுமதி எழுதலாம் என்றும், கோட்டுக்கு முன்பக்கமாக அன்டெனா நின்றால் சரி என்றும் விளங்கப்படுத்தினார்.

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தகரத்தில் கால் படாமல் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, அப்ப கையெழுத்து வச்ச அண்டைக்கே அறையை அவங்களுக்குக் குடுத்திட்டியள். குடுத்த அறையைத்தான் நேற்று ஒரு நாள் முழுக்கப் பிரிச்சனீங்களோ?"

ஓம் என்றேன்.

அனுமதி வந்தது. கம்பெனி கல்லறை மாதிரி உறுதியாக ஓர் அறை கட்டி, இரும்புக் கதவு போட்டு, உள்ளே பெட்டி பெட்டியாக இயந்திரங்களை அடுக்கியது. போன கிழமை பரிசோதிக்க வந்த டெக்னீஷியன் கதவைத் திறந்தபோது குளிர்காற்று ஒன்று என் முகத்தில் பட்டது. இயந்திரங்களுக்கு ஏசி. ஒரு நிமிஷம் உள்ளே வரலாமா என்று கேட்டேன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உள்ள வாறவையின்ர லிஸ்டில உங்கட பேர் இல்லை."

"கட்டடம் என்ரதான்."

"தெரியும் அண்ணை."

அவர் பூட்டிக்கொண்டு போனபின் சுவரில் முதுகைச் சாய்த்து நிழலில் உட்கார்ந்தேன். சுவருக்குள் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். வெள்ளவத்தை முழுவதும் கதைப்பது அதற்குள்ளால்தான் போகிறது போலும். பெண் பார்த்த கதை, மீன் விலை, லண்டன் மகனின் சுகம். காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. தூக்கம்தான் வந்தது.