ஊட்டிப் பூ முடியும்வரை

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீட்டு ஜன்னலோரம் ஒரு தொட்டியில் சிவப்புப் பூச்செடி இருந்தது. ஜெரேனியம் என்ற பெயரைத் தாவரவியல் படிக்கும்போதுதான் அறிந்தேன். அதுவரை எங்களுக்கு அது ஊட்டிப் பூ. ஊட்டியிலிருந்து பஜாருக்கு உருளைக்கிழங்கு லாரி ஓட்டிவந்த மாமா, அத்தைக்குக் கொடுத்தது. அத்தை அப்பாவின் தங்கை; மாமாவைக் கல்யாணம் செய்தும் எங்களோடுதான் இருந்தாள்.

"இந்தப் பூ முடியறதுக்குள்ள அங்க ஒரு வீடு பார்த்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று மாமா சொன்னதை நானும் கேட்டேன்.

லாரி போன பிறகு, "பஞ்சாங்கத்துல இல்லாத தேதியாப் பார்த்துச் சொல்லிட்டுப் போறாரு" என்றாள் அம்மா.

எட்டு வயதில் எனக்கு அது நேரான கணக்காகப் பட்டது. பூ இருக்கும்வரை மாமாவுக்கு அவகாசம் இருக்கிறது. ஒருநாள் என் பள்ளிக்கூடப் பை இடித்து, வாடிய கொத்து ஒன்று காம்போடு முறிந்தது. பயந்து மறைத்தேன். சில நாளில் அந்தக் கிளையில் புது மொட்டு வந்தது. முறியாத கொத்துகளோ கொக்கு மூக்குப் போல விதை நீட்டி, பூக்காமல் நின்றன. தமிழ் எழுத அப்போது சரியாக வராது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மலையாளத்தில் குறித்துக்கொண்டேன்: வாடியதைக் காம்போடு கிள்ள வேண்டும். காலை வெயில் போதும். மண் காய்ந்த பிறகே தண்ணீர். மழை என்றால் தொட்டி உள்ளே.

பூ முடியவே இல்லை. தை, மாசி போய் சித்திரை விஷுவும் போனது. மாமா வரவில்லை. லாரியை வேறொருவர் ஓட்டிவந்தார். அவரிடம் விசாரித்துவிட்டு வந்த அப்பா, அடுக்களையில் அத்தையிடம் தணிந்த குரலில் சொன்னார்: "கேட்டியா, அவன் அங்க வீடும் வச்சிட்டான், பிள்ளையும் ஆச்சு."

வீடு கிடைத்துவிட்டது என்ற அளவில் எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் காலை, கிள்ளப் போன என் கையை அத்தை பிடித்தாள்.

"இனி வேண்டாம் மோளே. முடியட்டும்."

"முடிஞ்சா மாமா வரமாட்டாரே அத்தே!"

"அதுக்குத்தான்."

என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். வீடு அமைந்த நேரத்தில் பூவை முடியவிடலாமா? அவள் சாயா போடப் போகும் நேரம் பார்த்து, கிள்ளிக்கொண்டேதான் இருந்தேன். தினமும் அவள் ஜன்னலருகே வருவாள். புதிதாக விரிந்ததை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்புவாள். கதவுக்குப் பின்னால் நான் பெருமையோடு நின்றிருப்பேன்.