ஏரிக்கரையிலிருந்து அக்கா தூக்கி வந்த பை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா வெண்ணந்தூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். மோகனூருக்கு வாழ்க்கைப்பட்டார். குழந்தைகள் இல்லை. மாமா இளவயதிலேயே இறந்துவிட, எங்களோடு வந்து தங்கினார். நானும் என் மனைவியும் தறிப்பட்டறையில் கிடக்க, எங்கள் மகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பலர் அக்காவைச் சுற்றுச்சூழல் ஆர்வலர் என்றார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு அருவருப்பு அதிகம், அவ்வளவுதான். ஊசிப்போன சாம்பார் வாடைக்கே குமட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். "சேத்து வெச்சாத்தான, சாமி, நாறும்? ஊட்டுக்குள்ள வராமயே பாத்துக்கிட்டா என்ன?" என்பார்.

அதனால் ஓட்டலுக்கும் கறிக்கடைக்கும் தூக்குப்போசிப் பாத்திரத்தோடு போவார். தறியில் மிஞ்சிய துணியில் பை தைப்பார். காய்த்தோலைத் தென்னை மரத்தடிக் குழியில் போட்டு மண் தள்ளுவார். பால் கவர்களைக் கழுவித் துணிக்கொடியில் காயவைப்பார். சம்பந்தி வீட்டார் முதன்முதலாக வந்த அன்றும் கொடியில் பால் கவர்கள் தொங்கின. நாங்கள் கூசிப்போனோம்.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது அக்கா குழந்தைக்குக் கட்டப் பழைய வேட்டிகளைக் கிழித்து அடுக்கி வைத்தார். யார் துவைப்பது என்று நாங்கள் டயப்பர் வாங்கினோம். வீட்டுக் குப்பைக்கூடையில் போட்டால் அக்கா பார்த்துவிடுவார். ஆகவே பட்டறைக்குப் போகும் வழியில், டயப்பர்களையும் பிரியாணி மிச்சத்தையும் கூரியர் கவர்களையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி ஏரிக்கரையில் வீசிவிட்டுப் போவேன். வண்டியைக்கூட நிறுத்துவதில்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அந்தப் பை என் வீட்டு வாசலில் கிடந்தது. நாய்கள் கிழித்திருந்தன. டயப்பர்கள் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தன. பிரியாணியில் புழு நெளிந்தது. பக்கத்தில் நின்ற அக்காவின் கையில் முழங்கை வரை எறும்புக்கடித் தடிப்பு. ஒரு கூரியர் கவரை என்னிடம் நீட்டினார்.

"உன்ற பேருதான தம்பி? படிச்சுப் பாரு."

"ஆமாக்கா."

"வேற ஆரு குப்பையா இருந்தாலும் மூக்கப் பொத்திக்கிட்டு வந்திருப்பேன். உன்ற பேரு போட்டுருக்குது. உட்டுட்டு வர மனசு வரல."

வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தாராம். என் மனைவி பிறகு சொன்னார். சாம்பார் வாடை தாங்காதவர், என் பேத்தியின் மலத்தையும் என் எச்சிலையும் வெறுங்கையால் அள்ளி வந்திருக்கிறார். அன்றே நான் இரண்டாவது குழியைத் தோண்டினேன். வேட்டித்துணிகளை நானே துவைத்தேன். ஒரு வாரக் குப்பை ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது.

சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும் அக்கா காகித டம்ளரைத் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் டம்ளர்தான்.

அப்படிப்பட்டவரின் காரியத்துக்கு நான் செய்ததைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தால் அது பொய்யாகிவிடும். எல்லாவற்றையும் சமையல் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் இலை, காகித டம்ளர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மிச்சத்தை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் அல்லவா?

காரியம் முடிந்த மூன்றாம் நாள் ஏரிக்கரையில் அந்தக் குப்பை மலையாகக் கிடந்தது. பன்றிகள் மேய்ந்தன. நடுவில், பந்தலில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ். அக்காவின் கன்னத்தில் ரசம் காய்ந்திருந்தது, நெற்றியில் சோறு. எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"இத்தன வருசமா அவிய ஊட்டுக் குப்பைய மொகஞ் சுளிக்காம வாங்குனேனுங்க. அவிய சாவுக் குப்பையத்தான் தொட முடியலீங்க" என்றார்.

எனக்கு அந்தப் பன்றிகள்மீது அருவருப்பு வரவில்லை. என்மீது வந்தது. இன்றுவரை போகவில்லை. என் மனைவியும் நானும் அந்த அம்மாவும் இரண்டு நாள் அள்ளினோம். ஃபிளக்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினேன். எவ்வளவு தேய்த்தும் கன்னத்துக் கறை போகவில்லை.

இன்று வாழையிலையும் கடன் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்களும்தான். அவரவர் டம்ளரை அவரவரே கழுவ வேண்டும் என்று அழைக்க வந்தபோதே நான் சொன்னதற்குச் சிலர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. டம்ளர் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எங்களோடு குனிந்து அள்ளிய அந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இம்மலரைப் படித்தபின் வேண்டாம் என்று தோன்றினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வழியில் வீசிவிடாதீர்கள். பின்னட்டையில் என் பெயரை அச்சடித்திருக்கிறேன். எங்கே கிடந்தாலும் நான் வந்து எடுத்துப் போவேன்.